பாய் கொடுத்த வண்டியில் ஒரு முடிச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன். அந்த நாலு வரியிலும் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிற மாதிரியே வந்துவிடும். கிழித்துப் போட்டுவிடுவேன். என் மனைவிதான், "எழுதுனா நடந்ததை நடந்தபடி எழுதுங்க. இல்லாட்டி விட்டுடுங்க. பாதியை மறைச்சு எழுதி அந்த மனுசனை இன்னொருக்கா நோவடிக்காதீங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

கொரோனா ஓய்ந்து ஊர் மறுபடி நடமாட ஆரம்பித்த சமயம். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அதுவரை நான் ஒரு முதலாளியிடம் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிமெண்ட் மூட்டை, கம்பி, ஜல்லி என்று ஆலத்தியூர் பக்கமும் ரெட்டிபாளையம் பக்கமும் நாள் முழுக்க ஓட்டம். ஊரடங்கில் முதலாளியே நொடித்துப்போய் வண்டிகளை விற்றுவிட்டார். வீட்டில் மனைவியும், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த மகளும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அம்மன் கொடுத்த பிள்ளை அவள்.

இனி யாரிடமும் போய் நிற்கக் கூடாது, சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. புது வண்டிக்குத் தவணை கட்டுகிற தெம்பு இல்லை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வீட்டோரம் பழைய பிக்கப் வண்டி ஒன்று ஓடாமல் நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஆசை போய்விட்டது. டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. லோடு ஏற்றும் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கி, தளமெல்லாம் துரு. கேபினுக்குள் கோழி ஒன்று சீட்டைக் கிளறி முட்டையிட்டு அடையில் உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் திறந்ததும் சீறியது.

"கோழி வண்டியோட வராது தம்பி, இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தார் பாய். அறுபது வயதிருக்கும். வெளிநாட்டில் உழைத்து வந்த காசில் வாங்கிய வண்டியாம். சர்க்கரையில் பார்வை மங்கிப் போனதால் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். மகன்கள் துபாயிலிருந்து, இரும்புக்கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். "மனசு வரலை. எங்க வூட்டுல அடுப்பு எரிஞ்சதே இதனாலதான். உடைக்கிறதுக்குக் குடுக்குறதுக்குப் பதிலா, உங்களை மாதிரி ஒரு குடும்பம் இதை வச்சுப் பொழைச்சா சந்தோசம்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே விலையையும் குறைத்துக்கொண்டார். மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.

அந்த வண்டியைச் சரிசெய்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொல்வேன். பட்டறையில் விட்டால் கட்டுப்படியாகாது. அதனால் இன்ஜின் வேலைக்கும் வெல்டிங்குக்கும் மட்டும் ஆள் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் வாசலில் நானே செய்தேன். எண்ணெய் டின்களை வெட்டி விரித்துக் கேபின் தளத்தை அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போனது. ஹெட்லைட் இரண்டும் வேறு வேறு வண்டியினுடையவை, ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் எரியும். சீட்டுக்குத் தேங்காய் நாரைத் திணித்துக் கோணி ஊசியால் ரெக்சின் தைத்தது என் மனைவி. பெயிண்ட்டும் பிரஷ்ஷால் அடித்ததுதான். கிட்டே போய்ப் பார்த்தால் சுவரில் வெள்ளையடித்த மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

டீசல் டேங்க் மூடியில் ரப்பர் போயிருந்தது. வண்டி குலுங்கினால் டீசல் சிந்தும். புது மூடி வாங்குவானேன் என்று பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, மூடியின் உள்பக்கம் முழுக்க மறைகிற மாதிரி வைத்து இறுக்கித் திருகினேன். அதற்கப்புறம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

இடையிடையே பாய் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் ஒரு பையில் வீட்டில் கிடந்த ஏதாவது சாமானைக் கொண்டுவருவார். கண்ணாடி, ஜாக்கி ராடு, கதவுக் கைப்பிடி என்று எதுவாவது இருக்கும். காசு என்று பேச்செடுத்தாலே கோபம் வரும். முன்கண்ணாடியில் 786 என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதை எப்படிச் சொல்லி எடுப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே, "அதைச் சுரண்டிட்டு உங்க சாமி பேரைப் போட்டுக்குங்க தம்பி. வண்டி இனிமே உங்களது" என்றார்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு நாள் வந்தவர், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதி, மெல்ல ஊதினார். எனக்குச் சுருக்கென்றது. நான் செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கிறவன். சிறுவாச்சூர் அம்மனைக் கும்பிடாமல் எந்தக் காரியமும் தொடங்காதவன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் பஸ் ஏறியதும் வண்டியின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை வெளியே எடுத்தோம். நாலு நாள் உள்ளூர் வாடகை. பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அரியலூருக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போனபோது நடுவழியில் இன்ஜின் இழுக்க முடியாமல் திணறி நின்றுவிட்டது. நான் இறங்கி ஒயரையெல்லாம் தொட்டுப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த வாடகையிலும் அப்படியே. லாரி ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். முதலாளி வண்டி நின்றால் போன் பண்ணுவோம், மெக்கானிக் வருவார், நாங்கள் நிழலில் படுத்துக்கிடப்போம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் கண் முன்னால் வண்டி சமர்த்தாக ஓடும். "பம்ப்பைப் பிரிச்சுப் பாக்கணும்" என்றார். அதற்கு என்னிடம் வழியில்லை.

மூன்றாவது தடவை நின்றதுதான் என்னை உடைத்துவிட்டது. கல்யாணச் சீர் ஏற்றிப் போகும் வாடகை அது. கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், மேலே வாழைக்குலை கட்டி, பெண் வீட்டார் பின்னால் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை ஊர் எல்லைக்குப் பக்கத்தில், சுடுகாட்டுக்கு எதிரே வண்டி நின்றது. சீர் வண்டி நடுவழியில் நிற்பதே ஆகாது, அதிலும் அந்த இடம். பெண்ணின் அத்தை ஒருத்தி வேனிலிருந்து இறங்கிவந்து, "ஏன்யா, உனக்கு நிறுத்துறதுக்கு வேற எடமே கெடைக்கலையா? நாளைக்கு எங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிப்பியா?" என்று கேட்ட கேள்வியில் நான் செத்துப்போனேன். அவர்கள் வேறு வண்டி வரவழைத்துச் சீரை மாற்றி ஏற்றினார்கள். அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. என்னை வாடகைக்குக் கூப்பிட ஆளில்லை.

மறுநாள் காலை லோடு வண்டிகள் நிற்கும் இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, ஒயரில் ஏதாவது கோளாறா என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். உள்ளே, லேசில் கை எட்டாத மூலையில், ஒரு சின்னத் துணி முடிச்சு கம்பியில் கட்டப்பட்டிருந்தது. கிரீசும் தூசியும் ஏறி நிறமே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கீழே தள்ளிப் பிரித்தேன். ஒரு காசு, கறுத்த குங்குமம் மாதிரி ஏதோ, அதோடு ஒரு கொத்துத் தலைமுடி. நீளமான, பொம்பளை முடி.

கூட வண்டி ஓட்டும் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "கையால தொடாத மாப்ள. இது செய்வினை வேலை. வச்சிருக்காங்க. வண்டியை உனக்கு வித்தது யாரு?"

சொன்னேன்.

"வண்டியை ஊதிவிட்டாருன்னு நீதானே அன்னைக்குச் சொன்ன? அப்புறம் என்னா?" என்றார். இன்னொருவர், "அதான் சும்மா விலையைக் குறைச்சுக் குடுத்திருக்காரு" என்றார். எனக்கும் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற மாதிரி இருந்தது. ஊதியது, இனாமாகச் சாமான் கொண்டுவந்தது, திரும்பத் திரும்ப வந்து பார்த்தது என்று அவர் செய்த ஒவ்வொரு நல்லதும் அந்த நிமிடத்தில் எனக்குக் கெட்டதாகத் திரும்பியது.

இப்படிப்பட்ட பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, வீட்டில் சொல்லவும் கூடாது, பிள்ளை இருக்கிற வீடு, ஓடுகிற தண்ணீரில் விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும். மழைக்காலம் என்பதால் மருதையாற்றில் தண்ணீர் ஓடியது. பாலத்தின் மேலிருந்து முடிச்சைக் குச்சியால் தள்ளிவிட்டேன். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக லப்பைக்குடிக்காட்டுக்கு வண்டியை விட்டேன். வழியில் மறுபடி ஒரு தடவை நின்றது. முடிச்சைத்தான் எறிந்தாயிற்றே, இன்னும் ஏன் நிற்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் யோசிக்கவில்லை. கோபம்தான் இரண்டு பங்கானது.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாய் பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், சாயந்தரத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் தாய்மார்கள் கைக்குழந்தையோடு காத்திருப்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் குழந்தையின் தலையில் கை வைத்து ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல், பயந்து அழுவது, பால் குடிக்காமல் இருப்பது எதுவானாலும் எல்லா சாதிப் பொம்பளைகளும் அங்கே வருவார்கள். அன்றைக்கும் தொழுகைக்கு முன்பே நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"வாங்க தம்பி" என்று பாய் சிரித்தார். வண்டிச் சத்தத்தை வைத்தே நான்தான் என்று கண்டுபிடித்திருந்தார்.

"வித்த வண்டியில எதுக்கு பாய் சூனியம் வச்சீங்க? என் பொழைப்புல மண்ணைப் போட உங்களுக்கு நான் என்னா பாவம் செஞ்சேன்?" என்று கத்தினேன். முடிச்சு, முடி, சுடுகாடு, சீர் வண்டி என்று எல்லாவற்றையும் தெருவே கேட்கச் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவர் முகம் வெளிறிப்போனது. "எங்களுக்கு அது பெரும் பாவம் தம்பி. அதைச் செஞ்சிருந்தா நான் இந்த வாசலை மிதிக்கவே தகுதியில்லாதவன்" என்றார். குரல் எழும்பவே இல்லை. இளவட்டப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடிக்க வந்தான். "விடுங்கப்பா. வயித்துப்பாட்டுக் கோவம்" என்று பாய்தான் அவனை விலக்கிவிட்டார்.

அந்தச் சத்தத்தில் நான் பார்த்த ஒன்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் இருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மெதுவாக மூடினாள். பாய் நின்ற பக்கம் குழந்தை தெரியாதபடி மூடினாள். அப்போது அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்துடுறேன். போயிடாதீங்க" என்று உள்ளே போனார். வந்ததும், நான் எதிர்பார்க்காத காரியம் செய்தார். கதவைத் திறந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "எடுங்க தம்பி. எங்க நிக்குதுன்னு பாப்போம்."

அவ்வளவு பேசியவனோடு, கண் சரியாகத் தெரியாத மனிதர் தனியாக ஏறி வந்தார். கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போல இன்ஜின் திணறி நின்றது. நான் "பாத்தீங்களா" என்பதுபோல அவரைப் பார்த்தேன். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "டீசல் எவ்வளவு இருக்கு? தொறந்து பாருங்க" என்றார். நான் இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை இழுக்கும் சத்தம், ஏதோ பெருமூச்சு விடுகிற மாதிரி நீளமாகக் கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த அவருக்கும் கேட்டுவிட்டது. இறங்கிவந்து மூடியைக் கையில் வாங்கி விரலால் தடவினார். நான் பெருமையாக வைத்த சைக்கிள் டியூப்.

"இந்த மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும் தம்பி. டீசல் எறங்க எறங்க அது வழியாத்தான் காத்து உள்ள போவணும். நீங்க அதை அடைச்சுப்புட்டீங்க. நின்னு கெடந்தா இடுக்கு வழியாக் கொஞ்சம் காத்து ஏறும், மறுபடி ஓடும்" என்றார். குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. டியூபைப் பிய்த்தெடுத்தேன். சாவியைத் திருப்பினேன். அதற்கப்புறம் வண்டி நிற்கவே இல்லை.

இதோடு நான் அவர் காலில் விழுந்திருந்தால்கூட இது எழுதத் தேவையில்லாத கதையாகப் போயிருக்கும். திரும்பிப் பள்ளிவாசல் தெருவுக்கு வந்தபோது கதவில் கை வைத்தபடி அவர் இறங்காமல் இருந்தார். பிறகு கேட்டார். "தம்பி, அங்க எல்லாரும் நிக்குறாங்க. முடிச்சு நான் வைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி நின்னதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு பாய். ஆனா முடிச்சு இருந்தது உண்மைதானே. யாரு வச்சதுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்லுறது?" என்றேன். கத்தியது கோபத்தில். இதைச் சொன்னது கோபம் ஆறிய தெளிந்த புத்தியோடு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

வண்டி நிற்காமல் ஓடுவதைப் பார்த்து, அடுத்த வாரம் வாடகைகள் மறுபடி வரத் தொடங்கின. வியாழக்கிழமை சாயந்தரம் நான் குளித்துவிட்டு வந்தபோது மனைவி வண்டிக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். "ஏங்க, நாளைக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் போயிட்டு வந்துடலாம். அம்மா வண்டியை ஓட வச்சுட்டா. நான் முடிஞ்சு வச்சிருந்தேன்ல, அதைக் கொண்டுபோய்ச் சேத்துடணும். இங்கதானே கட்டினேன், காணோமே" என்றாள்.

"என்னத்தை முடிஞ்ச?" என்று கேட்டேன்.

நான் வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து, அம்மன் குங்குமம் வைத்து, வண்டி ஓடிப் பிழைப்பு நிமிர்ந்தால் கோயிலில் நுனிமுடி எடுத்துப் பூமுடி கொடுக்கிறேன் என்று அடையாளமாகத் தன் முடியில் கொஞ்சம் நறுக்கி அதோடு வைத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் கட்டியிருக்கிறாள். வேண்டுதல் நிறைவேறும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் தாய்வீட்டு வழக்கம். அதனால் என்னிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் பின்னிப் பூ வைத்து என் கண் முன்னால் நடக்கிற தலையின் முடியைத்தான் நான் குச்சியால் தொட்டு ஆற்றில் தள்ளியிருக்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். வேண்டுதல் முடிச்சை ஆற்றில் விட்டுவிட்டேனே என்றுதான் அழுவாள் என நினைத்தேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பாய்க்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். "பள்ளிவாசல் வாசல்லயா?" என்றாள். தலையை ஆட்டினேன். "புள்ளைத்தாச்சியும் கைப்புள்ளைக்காரியும் நிக்குற எடத்துலயா?" என்றாள்.

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு கோயிலுக்கு வேணாம். அம்மா எங்கயும் போயிட மாட்டா. வெள்ளிக்கிழமை இல்லாட்டி திங்கக்கிழமை நடை தொறப்பாங்க. மொதல்ல வண்டியை அங்க விடுங்க. நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் சாயந்தரம் மகளையும் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் தாய்மார்கள் இருந்தார்கள். தொழுகை முடிந்து ஒவ்வொருவராக வந்து குழந்தைகளுக்கு ஊதிவிட்டுப் போனார்கள். பாயைக் காணவில்லை. அன்றைக்கு என் சட்டையைப் பிடிக்க வந்த பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "இன்னும் என்னா வேணும்?" என்றான். பாய் எங்கே என்று கேட்டேன். "அவங்க இப்ப இந்தப் பக்கமா வர்றதில்லை. பின்வாசல் வழியாப் போயிடுறாங்க" என்றான். "ஏன்?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கடவுள் சன்னதியிலும் நான் மறக்க முடியாது. "பாய் தாத்தா வந்தா ரெண்டு பேரு புள்ளையைத் திருப்பிக்குறாங்க. புள்ளைக்காரிங்களுக்குச் சங்கடம் வேணாம்னு தாத்தாவே இந்தப் பக்கம் வர்றதில்லை" என்றான்.

அப்போதுதான் அந்த முந்தானை எனக்குப் புரிந்தது.

நான் அங்கேயே நின்று, இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். சூனியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்க வூட்டுக்காரி சாமிக்கு வேண்டி வச்ச முடிச்சு அது. அவளோட முடி. நான்தான் கண்ணு தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். என் மனைவி முன்னால் வந்து தன் பின்னலைத் தூக்கி நறுக்கிய இடத்தைக் காட்டினாள். யாரோ சிரித்தார்கள். ஒரு பெண், "நாங்க ஒண்ணும் நெனைக்கலையே" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு தன் வழியே போய்விட்டாள். கத்தும்போது கூடிய கூட்டத்தில் பாதிகூட, நான் பொய் சொன்னேன் என்று சொல்லும்போது நிற்கவில்லை.

பின்பக்கம் போனோம். பாய் படியில் உட்கார்ந்து செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் எடுத்து அவர் காலருகே வைத்தேன். யாரென்று தெரியாமல், "நல்லா இருப்பா" என்றார். என் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்ததும், "அல்ஹம்துலில்லாஹ், அப்ப யாரும் யாருக்கும் கெடுதி நெனைக்கலை" என்றார். அதற்காகத்தான் அவர் முதலில் சந்தோசப்பட்டார். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "அதையெல்லாம் அன்னைக்கே விட்டுட்டேன் தம்பி. வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

என் மனைவி மகளை அவர் முன்னால் நீட்டினாள். "ஓதி ஊதிவிடுங்க பாய். ராத்திரியெல்லாம் சிணுங்குறா."

அவர் கையைத் தூக்கினார். குழந்தையின் தலைக்கு மேல் வந்த கை அப்படியே நின்றது. மங்கலான கண்ணால் நான் நிற்கிற திசையைத் தேடி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஊதலாமுங்களா தம்பி?"

எத்தனையோ வருடமாக யாரையும் கேட்காமல் எத்தனையோ பிள்ளைகள் தலையில் கை வைத்த மனிதர். அவரை அப்படிக் கேட்க வைத்தது நான். "ஊதுங்க பாய்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டி இன்னமும் ஓடுகிறது. அடகு வைத்த தோட்டை மீட்டாயிற்று. சிறுவாச்சூரில் என் மனைவி பூமுடி கொடுத்துவிட்டாள். பாய் வீட்டிலிருந்து பெருநாளுக்குப் பிரியாணி வரும், எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும். மாதம் ஒரு தடவையாவது அவரைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். ஆனால் என் மகளைப் பார்க்கும்போதெல்லாம், தலையில் கை வைப்பதற்கு முன்னால் இன்றைக்கும் என் பக்கம் ஒருமுறை திரும்புவார். கேட்பதில்லை, திரும்புவார். அவ்வளவுதான்.

போன மாதம் அரியலூரில் டீக்கடையில் நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் சூனியம் வைத்து வண்டி விற்றாராம், சீர் ஏற்றிப் போனபோது சுடுகாட்டுக்கு எதிரில் நின்றதாம், கல்யாணமே நின்றுபோனதாம். அந்த வண்டி என்னுடையதுதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னேன். "உங்களுக்கு வெசயம் தெரியாதுண்ணே" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இதை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் அன்று வாசலில் நின்று கத்தியது இத்தனை வருடமாக என்னைக் கேட்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பின்னாலேயே போய்ப் பிடித்துவர என்னால் முடியவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொன்னால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, 'அறியாமல் செய்துவிட்டான்' என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள். பாய் என்னிடம் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் அன்று சொல்ல மறுத்ததையும் விடாமல் சொல்லுங்கள். அன்று அந்த வாசலில் நான் சொல்லாமல் வந்த வார்த்தையை இப்படி ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் சிறுவாச்சூர்த் தாய் எனக்கு விதித்திருக்கிற நேர்த்திக்கடன் என்று நினைக்கிறேன்.